அச்சத்தை விசாரணைக்கு எடுப்போம்

“அஞ்சாதே” என்று பிறருக்குச் சொல்வது எளிது; மேடையேறி ஆயிரம் பேருக்கு ஒருங்கே சொல்வது அதனினும் எளிது. ஆனால், அந்த ஒரு சொல்லால் அச்சம் நீங்கப்பெற்ற மனிதர் எவரையும் நாம் இதுவரை கண்டிலோம். கைதட்டி ஆரவாரித்துக் கலைந்த கூட்டத்திலே, வங்கிக் கடனை எண்ணிப் பாயிற் புரளும் கமக்காரர் இருக்கின்றார். இடமாற்றக் கடிதம் எந்நாள் வருமோ என்று ஏங்கும் ஆசிரியை இருக்கின்றார். கடல் கடந்து சென்ற மகனிடமிருந்து இரு நாட்களாகத் தொலைபேசி வரவில்லையே என்று விளக்கை அணைக்காது விழித்திருக்கும் தாய் இருக்கின்றார். போரையும் இடப்பெயர்வையும் பட்டினியையும் தாங்கிக் கடந்த இம்மக்களைக் கோழைகள் என்று கூற எவருக்குந் துணிவு வராது. அங்ஙனமாயின், எறிகணைக்கு நடுவே பிள்ளையைத் தூக்கி நடந்தவரை இன்று ஒரு கடித உறை நடுங்க வைப்பதன் காரணம் யாது?

இவ்வினா மருத்துவர்க்கு மாத்திரம் உரியதன்று. வழக்குக்கென எம்மிடம் வருவோரிற் பலர், வழக்கைக் காட்டிலும் பாரமான ஒன்றை நெஞ்சிற் சுமந்து வருகின்றனர். கோப்பைத் திறக்குமுன் கை நடுங்குகின்றது. கேள்விக்கு விடை வருமுன் பெருமூச்சு வருகின்றது. பொதுவாழ்வில் ஈடுபட்டோர் இதனைக் கண்டும் காணாதது போலிருத்தல் தகாது. ஆகவே, அச்சத்தையே இவ்வாரம் விசாரணைக்கு எடுப்போம்.

அச்சமும் யோசனையும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் ‘யோசனை’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, சிந்தித்து ஒரு முடிவுக்கு வருதல். மற்றது, முடிவுக்கு வராமற் சுழன்றுகொண்டே இருத்தல். “அவருக்கு ஒரே யோசனை” என்று அயலவர் கூறினால், அவர் பெரிய திட்டந் தீட்டுகின்றார் என்று எவரும் கொள்வதில்லை. கவலையால் நைந்து போகின்றார் என்றே கொள்வர். “யோசியாதையுங்கோ” என்பது நம்மவர் கூறும் ஆறுதல் மொழி. செக்கு மாடு போல ஒரே தடத்திற் சுழலும் இந்த இரண்டாவது யோசனையைத் தான் நம் நாட்டு மருத்துவர்கள் பதகளிப்பு என்கின்றனர்.

அச்சம் வேறு, பதகளிப்பு வேறு. வரம்பிலே படமெடுத்து நிற்கும் நாகத்தைக் கண்டவரின் நெஞ்சு படபடக்கும், அட்ரினலின் என்னுஞ் சுரப்பு இரத்தத்திற் கலக்கும், மூச்சு விரையும், கைகால்களுக்குக் குருதி பாயும், வயிற்றின் வேலை நின்றுபோகும். ஓடவோ அடிக்கவோ உடல் ஆயத்தமாவதே இது. இஃது இயற்கை தந்த காவல். பாம்பு புற்றுக்குட் போனதும் சிறிது நேரத்தில் உடல் தானாகவே தணிந்துவிடும். ஆனால், பாம்பு இல்லாத வேளையிலும் ‘இருக்குமோ, வருமோ’ என்று மனம் ஓயாது சொல்லிக்கொண்டிருந்தால், காவலும் ஓயாது நிற்கும். நித்திரை கெடும், பசி மாறும், தலை கனக்கும், சிறு சத்தத்துக்கும் உடல் திடுக்கிடும், வீட்டாரோடு எரிச்சல் மூளும். அச்சத்துக்கு முகவரி உண்டு. பதகளிப்பு முகவரி இல்லாத கடிதம். எவர் வீட்டுக் கதவையும் எவ்வேளையிலும் அது தட்டும்.

பெயர்ப் பட்டியல் தந்த பாடம்

நம்மவரின் பதகளிப்பு வானத்திலிருந்து விழுந்ததன்று. 1958ஆம் ஆண்டு மே மாதத்துக் கலவரத்தின் பின் கொழும்பிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கிய குடும்பங்கள், அந்நினைவைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியும் சொல்லாமலும் விட்டுச் சென்றன. 1983 யூலையில் மருதானையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் தீக்கிரையானபோது, வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் வீடு தேடி வந்தன. குடிமகன் என்ற உரிமையின் அடையாளமாய் அதுவரை இருந்த பெயர்ப் பட்டியல், அன்று தொட்டு அபாயத்தின் அடையாளமாய் மாறிற்று. பின்வந்த ஆண்டுகளில் பொலிஸ் பதிவென்றும் வீட்டார் விபரப் படிவமென்றும் கடதாசிகள் வந்தபோதெல்லாம் பழைய நெருப்பே மனக்கண்ணில் எரிந்தது. படிவத்தை நீட்டிய இளம் உத்தியோகத்தருக்கு 1983இல் என்ன நடந்தது என்பது தெரியாதிருக்கலாம். படிவத்தை வாங்கிய முதியவளுக்குத் தெரியும்.

வடக்கிலிருந்து வரும் புகைவண்டி மருதானையை அண்மிக்கும்போது, அடையாள அட்டை பையில் இருக்கின்றதா என்று தொட்டுப் பார்க்கும் கைகள் இன்றுமுள. சோதனைச் சாவடி போயிற்று. கை மாத்திரம் பழக்கத்தை விடவில்லை. இதனை மூடத்தனம் என்று நகைப்போர், அந்தக் கை கற்ற பாடத்தை அறியாதவர்.

நியாயத்தின் பொருட்டு இன்னொன்றையுஞ் சொல்லவேண்டும். கொழும்பு நகரிலே அச்சம் தமிழருக்கு மாத்திரம் உரிய சொத்தாக இருந்ததில்லை. 1996 சனவரி 31ஆந் திகதி மத்திய வங்கியிற் குண்டு வெடித்தபின், பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்ட சிங்களத் தாயும் அது திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்தே நின்றாள். 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலே குண்டு வெடித்தது. மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் வெடித்தது. மாண்டோரிற் பலர் தமிழர். அதன்பின் கொட்டாஞ்சேனைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஆலயத்துக்குச் செல்ல அஞ்சினர். குற்றமறியா முஸ்லிம் மக்களோ வீதிக்கு வரவே அஞ்சினர். தனது அச்சத்தின் உருவத்தைப் பிறனது முகத்திலும் காண்பவன், அவ்வச்சத்துக்கு இரையாகிப் பிறனை வெறுக்கமாட்டான்.

கமக்காரரின் நிலையோ வேறு வகையானது. மழை அவர் சொற் கேட்பதில்லை. சந்தை விலையும் கேட்பதில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது, கிளிநொச்சியிலும் மன்னாரிலும் விதைத்தவர் வயலைப் பார்த்த பார்வையை நாம் மறவோம். அவ்வாண்டு முடியுமுன் தடை தளர்ந்தது. பயிர் அதற்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டிலே நாடே கடன் கட்ட இயலாது நின்றது. எருவும் எண்ணெயும் எட்டாத விலைக்கு ஏறின. அடகு வைத்த நகை மீளுமா என்பதே பல வீடுகளின் இராக்கால உரையாடலாயிற்று.

இருவகைப் பிழை

இவ்வாறு காரணத்தோடு வந்த துன்பத்துக்கு மருந்து தேடுமிடத்து இரு சாரார் இருவகைப் பிழை புரிகின்றனர்.

ஒரு சாரார், எல்லாவற்றையும் நோய் என்பர். காணியைப் பறிகொடுத்தவருக்கும், காணாமற்போன மகனைத் தேடுபவருக்கும் மூச்சுப் பயிற்சி கற்பித்து வீட்டுக்கு அனுப்பினால் கடமை முடிந்தது என எண்ணுவர். அநீதியைக் குளிகையால் மறைப்பது மருத்துவமாகாது. காணி திரும்பும்வரை, மகனைப் பற்றிய உண்மை வெளிவரும்வரை, அவர் கவலையுறுவது நியாயமே.

மறு சாரார், எல்லாவற்றையும் அரசியல் என்பர். “விடிவு வந்தால் நித்திரையும் வரும்” என்று கூறி, மாதக்கணக்கில் உறங்காதவரையும் ஊர்வலத்துக்கு அழைப்பர். விடிவு வருமுன் அவருடைய உடல் விழுந்துவிடும் என்பதை அவர் நினைப்பதில்லை. ‘அங்கொடை’ என்னும் ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கிய சமுதாயம் நம்முடையது. மனநோய் என்றால் குடும்பமானம் போய்விடும், மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று அஞ்சி, அரசியலின் போர்வைக்குள் நோயை மறைத்து வைத்திருப்போர் பலர்.

எனவே, நாம் கூறுவது இதுதான்: ஒவ்வொரு அச்சத்தையும் இரண்டாகப் பிரிக்கவேண்டும். வெளியே காரணமுள்ள பகுதியைச் சட்டத்தாலும் கூட்டு முயற்சியாலும் எதிர்கொள்ளவேண்டும். உள்ளே சுழலும் பகுதியை உடற்பயிற்சியாலும், உறவாலும், வேண்டுமாயின் மருத்துவத்தாலும் தணிக்கவேண்டும். முதலாவதைச் செய்யாது இரண்டாவதை மாத்திரம் செய்தல் ஏமாற்று. இரண்டாவதைச் செய்யாது முதலாவதை மாத்திரம் செய்தல் கொடுமை.

விசாரணை முறை

பதகளிப்புற்ற மனம், தவணைமேற் தவணை போட்டு ஒருநாளுந் தீர்ப்புச் சொல்லாத நீதிமன்றம் போன்றது. அந்த நீதிமன்றத்தைச் சீர்ப்படுத்தும் வழி வருமாறு:

முதலிலே குற்றப்பத்திரம் எழுதவேண்டும். ‘ஏதோ நடக்கப்போகின்றது’ என்பது குற்றப்பத்திரமாகாது. என்ன நடக்கும், எவரால், எந்நாளில் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். எழுதத் தொடங்கியதும் பாதி அச்சம் ‘எழுத ஒன்றுமில்லை’ என்று விலகிவிடுவதைக் காணலாம்.

இரண்டாவதாக, சான்றைப் பரீட்சித்தல் வேண்டும். ‘அவர் சொன்னதாக இவர் சொன்னார்’ என்பதை நீதிமன்றம் சாதாரணமாக ஏற்பதில்லை. ஆனால், நள்ளிரவில் வட்சப் மூலம் வந்த பெயரற்ற குரற்பதிவை நாம் வேதவாக்காய் ஏற்றுப் பத்துப்பேருக்கு அனுப்புகின்றோம். கேட்டவர் யார், கண்டவர் யார், வர்த்தமானியில் வந்ததா என்று வினவாத செய்திக்கு நெஞ்சிலே இடங்கொடுத்தல் தகாது.

மூன்றாவதாக, செய்யக்கூடியது யாது, அதற்குரிய கடைசி நாள் யாது என்று குறித்தல் வேண்டும். கிரேக்க நாட்டு ஞானி எபிக்டீட்டஸ், நம் கையிலுள்ளதையும் நம் கையில் இல்லாததையும் பிரித்தறிவதையே அறிவின் தொடக்கமாகக் கொண்டார். அடிமையாய் வாழ்ந்து விடுதலை பெற்றவர் அவர். அச்சத்தைப் பற்றிப் பேச உரிமையுள்ளவர்.

இம்முறை வெறுங் கற்பனையன்று. அரச கரும மொழிச் சட்டம் 1956இல் நிறைவேறியபின், சிங்களத் தேர்ச்சி பெறாத தமிழ் உத்தியோகத்தர் ஆயிரக்கணக்கானோர் வேலை போகுமோ, உயர்வு நிற்குமோ என்று ஏங்கியிருந்தனர். கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞருக்கு 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவர் அதை வழக்காக்கினார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. 1969இல் பிரிவிக் கவுன்சில் என்னுங் கோமறைக் கழகம், அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்குத் தொடுக்கலாம் என்று விதித்தது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெருவினாவுக்கு விடை கிடைக்கவில்லை என்பது மெய்யே. ஆயினும், ஆயிரம் பேரின் உருவற்ற ஏக்கத்துக்கு ஒரு வழக்கிலக்கம் கிடைத்தது. ஒரு கேள்வி கிடைத்தது. பதில் சொல்லவேண்டிய பிரதிவாதி கிடைத்தார்.

2007 யூன் 7ஆந் திகதி, கொழும்பு லொட்ஜுகளிற் தங்கியிருந்த 370க்கு மேற்பட்ட தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பினர். மருத்துவத்துக்கு வந்தவரும், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவரும் அவர்களுள் இருந்தனர். அன்றிரவு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறங்கியோர் சிலரே. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்மீது, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒருநாள் அச்சத்துக்கு ஒருநாளில் ஒரு விடை. பறிபோன மானத்துக்கு அது முழு ஈடாகாது. ஆனால் பஸ்கள் நின்றன.

இன்னும் அண்மையிலே, 2025 மார்ச்சு 28ஆந் திகதிய வர்த்தமானி, வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு 3 மாதங்களுள் உரிமை கோராவிடின் அவை அரச காணியாகும் என்று அறிவித்தது. உறுதி எரிந்தவரும், உறுதியுடன் கடல் கடந்தவரும் கலங்கினர். கலங்கியதோடு நில்லாமல், சிலர் பழைய உறுதிகளைத் தேடினர். உயர் நீதிமன்றத்திலே மனுத் தாக்கலாயிற்று. யூன் மாத இறுதியில் இடைக்காலத் தடை வந்தது. அறிவித்தலும் மீளப் பெறப்பட்டது. மூன்று மாதமும் யோசனையிற் கழித்தவருக்கும் ஆவணந் தேடிக் கழித்தவருக்கும் இருந்த அச்சம் ஒன்றே. இரவிலே உறங்கியவர் இரண்டாமவர்.

இவ்விடத்தில் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டிய சில விதிகளைக் கூறுவோம். கைது செய்யப்படுபவருக்குக் காரணஞ் சொல்லப்படவேண்டும் என்கின்றது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. நாட்டில் எங்கும் நடமாடவும் வதியவும் 14ஆம் உறுப்புரை உரிமை தருகின்றது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்கீழ் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அந்த ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கிற் சேராது. பணமில்லாதோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. இவற்றை அறிந்திருந்தால் இருட்டு அறையில் சுவிட்சு இருக்கும் இடமாவது தெரிந்திருக்கும்.

எஞ்சிய அச்சம்

இத்தனையுஞ் செய்தபின்னும் நெஞ்சு அடங்காதிருக்கலாம். அதற்காக எவரும் வெட்கப்படவேண்டியதில்லை. தென்னாபிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே, போர்க்களத்திலிருந்து நடுங்கித் திரும்பிய படையினருக்குச் சிகிச்சை செய்தவர். நம் நாட்டிலே கலவரம் நிகழ்ந்த அதே 1958ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலை வெளியிட்டார். அதிலே கூறிய முறை எளியது: உடலை முதலில் தளரச் செய், பின்னர் அஞ்சும் பொருளைச் சிறுகச் சிறுக அணுகு. ஒதுங்க ஒதுங்க அச்சம் பெருக்கும். அணுக அணுகத் தேயும். அரச அலுவலகத்துக்குத் தனியே செல்ல அஞ்சுபவர், முதல்நாள் வாசல்வரை நண்பரோடு செல்லட்டும். மறுநாள் உள்ளே செல்லட்டும். பிறிதொருநாள் தனியே செல்லட்டும். மெய்யான ஆபத்துக்குள் எவரையும் தள்ளுவது இதன் கருத்தன்று; ஆபத்துப் போனபின்னும் போகாத நடுக்கத்துக்கே இம்முறை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போர் நடுவே நின்று நம்மவரின் உளக் காயங்களை ஆராய்ந்து ‘மனவடு’ என்ற நூலை 1993இல் தந்தார். மேனாட்டு மருந்தோடு நில்லாது, நம் மக்கள் முன்னரே அறிந்த மூச்சை நிதானித்தல், மந்திரத்தை அல்லது செபத்தை மெல்ல உருவிடல், சடங்குகளிற் கூடியழுதல் ஆகியவற்றையும் அவர் சிகிச்சையிற் சேர்த்தார். செத்த வீட்டில் ஒப்பாரி வைத்த கிழவியர் அறியாமற் செய்த வைத்தியத்தை நாம் நாகரிகம் என்ற பெயரால் நிறுத்திவிட்டோம்.

கமக்காரருக்கும் உத்தியோகத்தருக்கும் ஒன்றே பொருந்தும். விடியலில் நடத்தல், மூச்சை உள்ளே இழுப்பதிலும் வெளியே விடுவதை நீட்டித்தல், மாலைக்குப்பின் தேநீரையும் செய்தியையுங் குறைத்தல், கவலைக்கென நாளில் அரைமணி நேரத்தை ஒதுக்கி, மற்றைய நேரத்தில் அதற்குத் ‘தவணை’ கொடுத்தல். சாராயம் ஓரிரவு உறக்கந் தரும். மறுநாள் நடுக்கத்தை இரட்டிப்பாக்கும். அயலவர் கொடுத்த நித்திரைக் குளிகையும் அத்தகையதே. நித்திரையின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்து, தொழிலையும் உறவையும் கெடுக்குமாயின், மருத்துவரை நாடுக. மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உள. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய சாந்திகம் உளவளத்துணை அளித்து வந்துள்ளது. சுமித்ரயோ 1974 தொட்டு மனமுடைந்தோர்க்குச் செவி கொடுத்து வருகின்றது. தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவும் பகலும் பேசலாம். வாழ்வையே வெறுத்தவர் வைத்தியசாலைக்குப் போனால் வழக்கு வரும் என்றும் அஞ்சவேண்டாம்; தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவு 1998இல் நீக்கப்பட்டுவிட்டது.

செய்யவேண்டியது

இறுதியாக, பொதுவாழ்வில் உள்ளோர்க்கு ஒரு வார்த்தை. மக்களின் அச்சத்தை முதலாகப் போட்டு வாக்கை வட்டியாக வாங்கும் வாணிபம் நம் நாட்டில் எல்லா இனத்தாரிடையேயும் நடந்து வந்துள்ளது. ‘அவர்கள் வருகின்றார்கள்’ என்று கூவி அடுத்த தேர்தலை வெல்லலாம். அடுத்த தலைமுறையின் நித்திரையை அதற்கு விலையாகக் கொடுக்க நேரும். அபாயம் உண்டாயின் அதன் பெயரையும் நாளையும் பரிகாரத்தையுஞ் சேர்த்துச் சொல்பவரே தலைவர். அபாயத்தை மாத்திரஞ் சொல்லிப் போகிறவர் குடுகுடுப்பைக்காரர்.

நாம் கேட்பது பெரிய செலவன்று. ஒவ்வொரு ஊர்ச் சனசமூக நிலையத்திலும், கமக்காரர் அமைப்பிலும், கொழும்பிலே தமிழ் மக்கள் கூடும் சங்க மண்டபங்களிலும் மாதத்தில் ஒரு மாலை ஒரு மேசை போடுக. அம்மேசையில் ஒரு சட்டத்தரணியும் ஓர் உளவளத்துணையாளரும் அருகருகே அமர்க. வருபவர் தம் கடதாசிகளைச் சட்டத்தரணியிடம் கொடுக்கட்டும். நெஞ்சை மற்றவரிடம் திறக்கட்டும். எதனை எவரிடம் கொடுப்பது என்று தெரியாதவருக்கு அவ்விருவருங் கூடிப் பிரித்துக் கொடுக்கட்டும். மண்டபம் உண்டு, சட்டத்தரணிகள் உண்டு, பயிற்சி பெற்றோர் உண்டு. இவர்களை ஒரே மேசைக்கு அழைக்கும் வேலைதான் எஞ்சியுள்ளது. அவ்வேலையை இம்மாதமே தொடங்குவோமாக.